இருப்பது பறிபோகாமல் இருக்குமா: கூடைப்பந்து வீடியோ கேமும் அதன் ரசிகர்களும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை பிறந்ததும் கூடைப்பந்து ரசிகர்களிடையே பழகிப்போன ஒரு பரபரப்பு தொடங்கிவிடுகிறது. செப்டம்பர் முதல் வாரத்தில் வெளிவரவிருக்கும் ‘என்.பி.ஏ. டூகே’ வீடியோ கேமின் அட்டையில் யார் இடம்பெறுவார், எந்த ஆட்டக்காரருக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும், சென்ற ஆண்டில் குறையாக நின்றவை இந்த முறையாவது சரிசெய்யப்படுமா என்ற கேள்விகள் அடுத்த இரண்டு மாதங்களுக்கு அவர்களை விடுவதில்லை. என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கம். 30 அணிகள் மோதும் அந்தத் தொழில்முறைத் தொடரின் பெயரையும் சின்னங்களையும் ஆட்டக்காரர்களின் முகங்களையும் பயன்படுத்த முறைப்படி உரிமம் பெற்று, டேக்-டூ நிறுவனத்தின் பிரிவான டூகே, ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்ற கணக்கில் இந்த கேமை வெளியிட்டு வருகிறது. பதிப்பின் எண் எப்போதும் அடுத்த ஆண்டின் எண்ணாகவே இருக்கும். 2025 செப்டம்பர் 5 அன்று வந்தது டூகே 26.

இந்தப் பரபரப்பு எட்டும் கடைக்கோடிகளில் ஒன்றாக ஆரியங்கோட்டைக் கொள்ளலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே, ஒற்றசேகரமங்கலம், குன்னத்துக்கால், பாறசாலை ஆகிய ஊர்களின் சுற்றுவட்டத்தில் அமைந்தது இவ்வூர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டதால், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் குடும்பங்கள் இந்த எல்லைப்புறத்தில் இன்றும் உண்டு. இங்கிருந்து என்.பி.ஏ. ஆட்டத்தை நேரலையில் பார்ப்பதென்பது எளிதான காரியமன்று. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து சேர்கிறது. அது ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நடக்கும் நேரம், பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட ஆயத்தமாகும் நேரம். ஆகவே ஸ்டெஃபன் கரி பந்தை எறியும் விதத்தையோ லெப்ரான் ஜேம்ஸ் வளையத்தை நோக்கிப் பாயும் வேகத்தையோ இத்தகைய ஊர்களின் ரசிகர் அறிந்துகொள்வது பெரும்பாலும் துண்டுக் காட்சிகளின் வழியாகவும் வீடியோ கேமின் வழியாகவுமே நிகழ்கிறது.

கூடைப்பந்து இந்த மண்ணுக்கு அறவே அயலானதும் அன்று. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த இந்த விளையாட்டு, ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் கைபற்றி உலகம் சுற்றியது. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தென்னிந்தியப் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர் பலரை உருவாக்கியது. பெண்கள் கூடைப்பந்தில் கேரளத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ் சென்னையில் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைத் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்தன. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் கேரளப் பெண்கள் அணி ரயில்வே அணியை வீழ்த்திப் பட்டம் வென்றது.

ஆனால் பட்டம் வெல்லும் மாநிலத்திலும் ஊருக்கு ஒரு கூடைப்பந்துக் களம் இருப்பதில்லை என்பதற்குக் காரணம் நிலக்கணக்கில் இருக்கிறது. பன்னாட்டு அளவுப்படி ஒரு களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. அதாவது பத்துச் சென்ட்டுக்கும் மேற்பட்ட சமதளம், அதுவும் சிமென்ட் போட்டது, இரு முனையிலும் இரும்புத் தூணும் பலகையும் வளையமும் நட்டது. மேடும் பள்ளமுமான இந்தப் பகுதியில் பத்துச் சென்ட் சமநிலம் கிடைத்தால் அதில் வீடு எழும்பும், அல்லது மரவள்ளி நடப்படும். வாலிபால் களத்துக்கு நான்கு சென்ட் போதும். இரண்டு கமுகுமரத் தூணும் ஒரு வலையும் இருந்தால் மாலை ஆட்டம் தொடங்கிவிடும் என்பதால் எல்லைப்புற ஊர்களில் வாலிபால் வேர்பிடித்த அளவுக்குக் கூடைப்பந்து வேர்பிடிக்கவில்லை. களமே இல்லாத இடத்தில் திரையே களமாகிறது. நிஜக் களத்துக்குப் பதிலாக நிற்கும் ஒரு கேமிடம் ரசிகர் எதிர்பார்ப்பது, பொழுதுபோக்குக்காக வாங்கும் ஒன்றிடம் எதிர்பார்ப்பதைக் காட்டிலும் கூடுதலாகவே இருக்கும்.

அந்த எதிர்பார்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1983இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், ஜூலியஸ் எர்விங், லாரி பேர்டு என்ற இரு நட்சத்திரங்களை மட்டும் வைத்து ஒருவருக்கொருவர் மோதும் கேம் ஒன்றை வெளியிட்டபோது, திரையில் ஓடியவை சில புள்ளிகளால் ஆன பொம்மைகளே; ஆயினும் உண்மையான ஆட்டக்காரரின் பெயரைக் காசு கொடுத்து வாங்கி கேமில் சேர்க்கும் வழக்கத்துக்கு அது முன்னோடிகளில் ஒன்றாக அமைந்தது. பத்தாண்டு கழித்து 1993இல் மிட்வே நிறுவனத்தின் ‘என்.பி.ஏ. ஜாம்’ வந்தது. காசு போட்டு ஆடும் பெட்டிகளில் இருவருக்கு இருவராக மோதிய அந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் வீட்டுக்கூரை உயரத்துக்கு எம்பிப் பந்தை வளையத்துக்குள் அடித்தார்கள். தொடர்ந்து மூன்று முறை கூடை போட்டவரின் கையில் பந்து தீப்பற்றி எரிந்தது. அதை உருவாக்கிய மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகர். பிஸ்டன்ஸுக்கு எதிராகச் சிகாகோ புல்ஸ் கடைசி நொடியில் எறியும் பந்துகள் தவறிப்போகும்படி நிரலிலேயே எழுதிவைத்ததாக அவரே பின்னாளில் சொன்னார். கேமின் நேர்மையைப் பற்றி இன்றைய ரசிகர்கள் எழுப்பும் ஐயங்களை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாததற்கு இது ஒரு சான்று.

அதே என்.பி.ஏ. ஜாமில் அன்றைய உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரான மைக்கேல் ஜோர்டன் இல்லை. ஆட்டக்காரர்களின் உருவ உரிமையைச் சங்கம் ஒட்டுமொத்தமாக விற்றபோது அவர் தம் உரிமையைத் தனியே வைத்துக்கொண்டதே அதற்குக் காரணம். ஒரு கேமில் யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்பதைத் திறமையோடு சேர்ந்து ஒப்பந்தமும் முடிவுசெய்கிறது என்பதை ரசிகர்கள் அப்போது கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் முன்னாள் நட்சத்திரம் சார்லஸ் பார்க்லியும் டூகே பதிப்புகள் பலவற்றில் இல்லை; ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களின் சங்கத்துக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

எதிர்பார்ப்பின் வரலாற்றில் மிக முக்கியமான ஆண்டு 2010. அதுவரை இந்தத் துறையில் இருவர் இருந்தனர். 1994 முதல் ‘என்.பி.ஏ. லைவ்’ என்ற வரிசையை நடத்திவந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒருபுறம். 1999இல் சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கருவிக்காகப் பிறந்து, 2005இல் டேக்-டூவின் கைக்கு மாறிய டூகே மறுபுறம். இருவருக்குமிடையே நடந்த போட்டியால் ஒருவர் சேர்த்ததை மற்றவர் மிஞ்ச வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயத்தின் பயன் ரசிகருக்குக் கிடைத்தது. 2010இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் வரிசைக்கு ‘என்.பி.ஏ. எலீட் 11’ என்று புதுப்பெயர் சூட்டி, ஆட்டக்காரரின் கையை விளையாடுபவரே நேரடியாக இயக்கும் புதிய முறையை அறிவித்தது. வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன் சுவைத்துப் பார்ப்பதற்கென்று விடப்பட்ட முன்னோட்டப் பதிப்பில், லேக்கர்ஸ் அணியின் ஆண்ட்ரூ பைனம் ஆட்டத்தின் நடுவே களத்தின் மையத்தில் இரு கைகளையும் சிலுவைபோல் விரித்தபடி அசையாமல் நின்றுவிட, மற்ற ஒன்பது பேரும் அவரைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்த காட்சி உலகெங்கும் பரவிச் சிரிப்புக்கு இடமாயிற்று. கடைக்கு வரவேண்டிய வட்டுகள் வராமலே நிறுத்தப்பட்டன. சில வாரங்களில் கேமே கைவிடப்பட்டது.

எலீட் வந்திருக்க வேண்டிய அதே அக்டோபர் 5 அன்று டூகே 11 வந்தது, அட்டையில் மைக்கேல் ஜோர்டனோடு. ஜோர்டனின் வாழ்வில் புகழ்பெற்ற பத்து ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அன்றைய எதிரணிகளையும் சீருடைகளையும் அப்படியே மீட்டுருவாக்கி, அவர் அன்று செய்ததை விளையாடுபவர் இன்று செய்துகாட்ட வேண்டும் என்று அந்தப் பதிப்பு கேட்டது. கூடைப்பந்து கேம்களில் ரசிகரின் எதிர்பார்ப்பையும் கைக்கு வந்த பொருள் மிஞ்சிய ஆண்டு ஒன்றைச் சொல்லச் சொன்னால் 2010ஐச் சொல்வதில் தயக்கத்துக்கு இடமில்லை.

போட்டியாளரோ அதற்குப்பின் எழவே இல்லை. 2012இல் ஒரு பதிப்பு கைவிடப்பட்டது, 2013இல் வந்தது சோபிக்கவில்லை, 2018 செப்டம்பரில் வந்த ‘லைவ் 19’ உடன் வரிசையே நின்றுபோனது. அமெரிக்கக் கால்பந்தில் சங்கம் ஒரே நிறுவனத்துக்குத் தனியுரிமை எழுதிக்கொடுத்துப் போட்டியை ஒழித்தது என்றால், கூடைப்பந்தில் எதிராளி தானே களைத்து விலகிக்கொண்டார். விளைவு ஒன்றுதான். என்.பி.ஏ. அணிகளோடு நிஜம்போன்ற கூடைப்பந்து ஆட விரும்பும் ஒருவருக்கு இன்று ஒரே கடைதான் உண்டு. ‘இந்த ஆண்டு என்ன புதிதாக வரும்’ என்று காத்திருந்த ரசிகர் படிப்படியாக ‘இருப்பதில் எது பறிபோகும்’ என்று கவலைப்படுகிறவராக மாறியதும் இந்த ஒற்றைக் கடையின் காலத்தில்தான்.

இந்த மாற்றம் கண்ணில் படாத பகுதிகளும் உண்டு. மதிப்பெண் விவகாரம் அவற்றில் ஒன்று. கேமில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 99ஐ உச்சமாகக் கொண்டு ஒரு மொத்த மதிப்பெண் தரப்படுகிறது. எறிதல், காத்தல், பந்தைக் கையாளுதல், வேகம் எனப் பல கூறுகளின் திரட்டு அது. ஒவ்வொரு கோடையிலும் அந்த மதிப்பெண்கள் சிறிது சிறிதாக வெளியிடப்படும்போது ரசிகர்கள் மட்டுமின்றி ஆட்டக்காரர்களும் சண்டைக்கு வருகிறார்கள். டூகே 23இல் தமக்கு 96 தரப்பட்டதைக் கண்டு, ஏன் 99 இல்லை என்று கெவின் டுரான்ட் வெளிப்படையாகவே கேட்டார். கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் ஒரு கேமின் மதிப்பெண்ணுக்காக வருந்துவது வேடிக்கையாகத் தோன்றினாலும், அவரைக் களத்தில் ஒருமுறையும் பார்த்திராத லட்சக்கணக்கான இளைஞர்கள் அந்த எண் வழியாகவே அவரை எடைபோடுகிறார்கள் என்பதை எண்ணினால் அவர் வருத்தம் புரியும்.

அசைவின் தத்ரூபமும் அப்படியே. அங்கே முன்னேற்றம் மெய்யானது. முன்பெல்லாம் ஆட்டக்காரர்களுக்கோ அவர்களைப் போல் ஆடத் தெரிந்தவர்களுக்கோ உடலெங்கும் குறிப்பொட்டுகள் பதித்த உடையை அணிவித்து, படப்பிடிப்பு அறையில் அவர்கள் ஓடுவதையும் எம்புவதையும் பதிவுசெய்து அசைவுகளை உருவாக்கினர். டூகே 24இலிருந்து உண்மையான என்.பி.ஏ. ஆட்டங்களின் ஒளிப்பதிவிலிருந்தே அசைவுகளைப் பிரித்தெடுக்கும் ‘புரோபிளே’ என்ற முறை வந்திருக்கிறது. ஆனால் இதன் பலன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிட்டவில்லை. புதிய தலைமுறைக் கருவிகளுக்கு ஒரு பதிப்பும் கணினிக்கும் பழைய கருவிகளுக்கும் அதைவிடக் கீழான ஒரு பதிப்பும் என இரண்டாகப் பிரித்து விற்றதால், கணினியில் ஆடுவோர் நான்கு ஆண்டுகளாகப் பழைய தலைமுறைப் பதிப்புக்கே முழுவிலை கொடுத்தார்கள். 2023இல் டூகே 24 வெளிவந்தபோது கணினி விற்பனைத் தளமான ஸ்டீமில் குவிந்த எதிர்மறை மதிப்பீடுகள் அந்தத் தளத்தின் வரலாற்றிலேயே மிக மோசமானவற்றின் வரிசையில் அதைக் கொண்டுபோய் நிறுத்தின. அடுத்த ஆண்டே டூகே 25 கணினிக்கும் புதிய தலைமுறைப் பதிப்பாக வந்தது. கூச்சலுக்குப் பலன் உண்டு என்று ரசிகர்கள் இதைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே தரவேண்டியதைத் தாமதமாகத் தந்தார்கள் என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும்.

காசு விஷயத்தில் அந்த அளவு ஆறுதலும் இல்லை. இந்த கேமில் பலரும் அதிகம் ஆடுவது ‘மைகேரியர்’ எனும் பகுதியை. விளையாடுபவர் தனக்கென ஒரு ஆட்டக்காரரை உருவாக்கி, உயரத்தையும் ஆடும் இடத்தையும் தீர்மானித்து, கைப்பேசிக் கேமராவில் தன் முகத்தையே பதிவுசெய்து அந்த உடலில் பொருத்தி, புதுமுகமாகத் தொடங்கி நட்சத்திரமாக உயர்த்த வேண்டும். ஆரியங்கோட்டு இளைஞர் ஒருவரின் முகம் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் சீருடையில் திரையில் ஓடுவதற்கு இப்படி வழி இருக்கிறது. (முகப்பதிவின் தொடக்கக் காலத்தில், 2014இல், கண் ஒருபுறமும் வாய் வேறுபுறமுமாக வந்த கோர முகங்களை ரசிகர்கள் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தது தனிக்கதை.) அந்த ஆட்டக்காரர் 60ஐ ஒட்டிய மதிப்பெண்ணோடு தொடங்குகிறார். அவரை உயர்த்த ‘வி.சி.’ எனப்படும் கேம் நாணயம் வேண்டும். ஆட்டங்களை ஆடி அதைச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். பொறுமை இல்லையெனில் உண்மைப் பணத்துக்கு வாங்கலாம், 75,000 வி.சி.க்கு 20 டாலர் என்பதுபோல. ஏற்கெனவே 70 டாலர் கொடுத்து வாங்கிய கேமுக்குள் இது இரண்டாவது கடை. இணையத்தில் மற்றவரோடு மோதும்போது எதிரே நிற்பவர் முதல் நாளிலேயே காசு கொடுத்து 85 ஆக வந்துவிட்டால், நேர்வழியில் 65இல் நிற்பவர் தோற்பதற்கே களமிறங்குகிறார். அடுத்த செப்டம்பரில் பதிப்பு மாறும்போது சேர்த்த நாணயமும் வளர்த்த ஆட்டக்காரரும் பழைய பதிப்போடு தங்கிவிட, எல்லோரும் மீண்டும் 60இலிருந்து தொடங்குகிறார்கள்.

இதே பாணியில் இன்னொரு பகுதியும் உண்டு. பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே யார் என்று தெரியாத சீட்டுப்பொட்டலங்களை வாங்கி அணி சேர்க்கும் ‘மைடீம்’ அது. 2019 ஆகஸ்டில் அதற்காக வந்த விளம்பரத்தில் சூதாட்ட விடுதியின் சுழலும் இயந்திரங்களைப் போன்றவையே காட்டப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பெல்ஜியத்தில் 2018இலேயே சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் இத்தகைய பொட்டலங்களைச் சூதாட்டமாகக் கருதியதால், அங்கே அவற்றை உண்மைப் பணத்துக்கு விற்பதை டூகே நிறுத்தியது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய கேம் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடைசெய்து, திறன்சார் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளை வேறாகப் பிரித்து ஊக்குவிக்கிறது. வி.சி.யை மீண்டும் பணமாக மாற்ற கேமின் விதிகள் இடம் தராததால் அத்தகைய பொட்டலங்கள் இந்தத் தடையின் நோக்கத்துக்கு வெளியே நிற்கின்றன. கள்ளச்சீட்டு ஆடினால் காவல்துறை வரும் ஊரில், சீட்டுப்பொட்டலத்தைப் பிரிக்கும் பன்னிரண்டு வயதுப் பையனைக் கேட்பதற்குப் பெற்றோரைத் தவிர வேறு யாரும் இல்லை.

பறிபோகும் என்ற அச்சத்தின் அடிவேர் சர்வரில் இருக்கிறது. சர்வர் என்பது எங்கோ தொலைவில் இயங்கி, விளையாடுபவர்களை ஒருவரோடொருவர் இணைத்து, அவர்களுடைய நாணயத்தையும் முன்னேற்றத்தையும் தன்னிடம் வைத்திருக்கும் கணினி. கேம் வட்டு விளையாடுபவரின் அலமாரியில் இருந்தாலும் அவருடைய ஆட்டக்காரரின் வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. 2015 மார்ச் இறுதியில் டூகே 14இன் சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, புதிய கருவிகளில் ஆடியவர்கள் தனியே வளர்த்த ஆட்டக்காரர்களையும் திறக்க முடியாமல் திகைத்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் சர்வர்கள் மீண்டும் திறக்கப்பட்டன. அதற்குப்பின் நடப்பது ஏறத்தாழ ஒரே கணக்கு: 2021 செப்டம்பரில் வந்த டூகே 22இன் சர்வர்கள் 2023 டிசம்பர் 31 அன்று நின்றன. இரண்டேகால் ஆண்டு.

இந்திய ரசிகர்களுக்கு இந்த அச்சம் பாடப்புத்தக அறிவன்று. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலை இந்திய அரசு தடைசெய்தபோது அதில் வாங்கிய உடைகளும் சேர்த்த நிலைகளும் கைவிட்டுப்போனதைக் கோடிக்கணக்கானோர் கண்டார்கள். அதற்கு மாற்றாக 2021இல் வந்த பி.ஜி.எம்.ஐ.யும் 2022 ஜூலையில் கடைகளிலிருந்து மறைந்து, அடுத்த ஆண்டு மே மாதம் திரும்பியது. காரணம் அரசாணையாக இருந்தாலும் நிறுவனத்தின் லாபக்கணக்காக இருந்தாலும் விளையாடுபவருக்கு முடிவு ஒன்றே. ஐரோப்பாவில் இதை எதிர்த்து, விற்ற கேமை ஆடமுடியாதபடி ஆக்கக்கூடாது என்று கோரி எழுந்த மனு இயக்கம் 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. கலிபோர்னியா மாநிலமோ, இணையத்தில் கேம் விற்கும் கடைகள் தாங்கள் விற்பது பொருளன்று, உரிமம் மட்டுமே என்று வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் எனச் சட்டம் இயற்றியுள்ளது.

தொலைவுக்கும் ஒரு விலை உண்டு. இணையவழி மோதலில் பந்தை எறியும் பொத்தானை எந்தக் கணத்தில் விடுகிறோம் என்பதே கூடையைத் தீர்மானிக்கிறது. சரியான கணத்தில் விட்டால் பந்து பச்சை நிறத்தில் மின்னி உள்ளே போகும், ‘கிரீன் அடிச்சான்’ என்பது விளையாடுவோர் வாயில் புழங்கும் வழக்கு. அந்தக் கணம் திரையின் ஒருசில சட்டகங்களே நீளம் கொண்டது. நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடும் திரையில் ஒரு சட்டகம் ஏறத்தாழ பதினேழு மில்லிநொடி. ஒளியிழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதால், திருவனந்தபுரத்திலிருந்து 14,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள அமெரிக்க மேற்குக் கரைக்குப் போய்த் திரும்ப, வழியில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும், 140 மில்லிநொடி ஆகும். எட்டுச் சட்டகங்கள் தாமதமாக ஆடுகிறவர், பக்கத்திலேயே சர்வர் உள்ளவரோடு மோதுகிறார். கேரள அரசின் கே-ஃபோன் இணைப்பு வந்தாலும் ஊர் கேபிள்காரர் தரும் ஃபைபர் இணைப்பு வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சர்வர் அருகே வந்தால்தான் மாறும். ஆகவே தெற்காசியாவில் ஆடுவோரின் கோரிக்கைப் பட்டியலில் அட்டைப்படத்தைவிட அருகிலுள்ள சர்வர் முன்னே நிற்பது நியாயமே.

ஃபைபர் இணைப்பு வேறொன்றுக்கு உதவும். புதிய பதிப்புகள் 150 ஜி.பி. அளவுக்கு இடம் கேட்கின்றன. நொடிக்கு 100 மெகாபிட் வேகம் தடையின்றிக் கிடைத்தால் அதை மூன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடலாம். நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பினால் 75 நாள் ஆகும். அதற்குள் இரண்டு திருத்தப் பதிப்புகள் வந்து மேலும் சில ஜி.பி. கேட்கும். இதனாலேயே பலரும் கைப்பேசிக்கான இலவச ‘என்.பி.ஏ. டூகே மொபைல்’ உடன் நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதன் மையமே சீட்டுச் சேர்ப்புதான்.

இந்திய முகம் என்ற எதிர்பார்ப்பு இவை எல்லாவற்றிலும் மெல்லியது, ஆனால் நெடுநாளையது. பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரிலிருந்து வந்த சத்னாம் சிங் 2015 ஜூனில் டாலஸ் மேவரிக்ஸ் அணியால் 52ஆவது தேர்வாக எடுக்கப்பட்டு, இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் ஆட்டக்காரரானார்; அந்தத் தொடரில் ஓர் ஆட்டமும் ஆடாமலே அவர் விலக நேர்ந்தது. 2019 அக்டோபரில் சாக்ரமென்டோ கிங்ஸ், இந்தியானா பேசர்ஸ் அணிகள் மும்பையில் இரண்டு ஆட்டங்கள் ஆடியபோது இந்தியச் சந்தையைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. ஐபிஎல் வர்ணனை தமிழிலும் மலையாளத்திலும் கேட்கும் காலத்தில் டூகேவில் அந்த மொழிகள் எதுவும் இல்லை. ரசிகர்கள் தாமே இந்திய அணியின் நீலச் சீருடையை வரைந்து கேமில் ஏற்றிக்கொள்கிறார்கள். பெண்கள் விஷயத்தில் நிலைமை சற்றுத் தேவலாம்: 2019இல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் பன்னிரண்டும் டூகே 20இல் சேர்ந்தன, 2021இல் கேண்டஸ் பார்க்கர் அட்டையேறிய முதல் பெண்ணானார். அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்ட ஆண்டும் அதுவே. இந்திய அணியின் தலைவியாகப் பல ஆண்டுகள் ஆடிய அந்தச் சென்னைக்காரரைப் போன்ற ஒருவரை கேமில் ஆட விரும்பும் சிறுமி, இன்றைக்கும் தானே அவரை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போட்டி மீண்டும் வருமா என்பதற்கு ஒரு சிறு அறிகுறி தெரிகிறது. 2025 ஜூன் இறுதியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை வைத்து ஒரு கேம் வரவிருப்பதாக அறிவித்தது. 2009க்குப்பின் கல்லூரிக் கூடைப்பந்து கேம் எதுவும் வராததற்குச் சட்டவழக்கும் ஒரு காரணம்: முன்னாள் கல்லூரி ஆட்டக்காரர் எட் ஓபானன், தம் உருவத்தையும் சட்டை எண்ணையும் ஒரு கேமில் கண்டு, அதற்காகத் தமக்கு ஒரு காசும் தரப்படவில்லையே என்று 2009இல் தொடுத்த வழக்கு 2014இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. இப்போது கல்லூரி மாணவர்களுக்கும் உருவத்துக்கான பணம் தரலாம் என்று ஆகிவிட்டதால் கதவு திறந்திருக்கிறது. கல்லூரி அணிகளை நன்கு அறியாத இந்திய ரசிகருக்கு அந்த கேம் நேரடியாகப் பெரிதாகப் பயன்படாமல் போகலாம். ஆனால் அது நன்றாக அமைந்துவிட்டால் டூகே தன் விலையையும் நாணயக் கடையையும் மறுபடி எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கும்.

அதுவரை எல்லைப்புற ரசிகர் போடும் கணக்கு வேறு. டூகே பதிப்புகளின் விலை வெளிவந்த சில மாதங்களிலேயே தள்ளுபடியில் பாதியாகிவிடுகிறது என்பதால், செப்டம்பரில் முழுவிலை கொடுக்காமல் கிறிஸ்துமஸ் தள்ளுபடிவரை பொறுத்திருப்போர் உண்டு. அப்படிப் பொறுத்தவருக்கு இரண்டேகால் ஆண்டுச் சர்வர் ஆயுளில் நான்கு மாதம் ஏற்கெனவே போயிருக்கும். முன்பே வாங்கியவர்கள் அதற்குள் 90ஐத் தாண்டியிருப்பார்கள். அடுத்த பதிப்பு வர இன்னும் எட்டு மாதமே இருக்கும். இணையமோதலை விட்டுவிட்டு, சர்வர் தேவையில்லாத தனியாட்டப் பகுதிகளை மட்டும் ஆடுவதாக இருந்தால் பழைய பதிப்பே போதும். சேமிப்பு வட்டில் இடமும் மிஞ்சும்.